நகல் சாரின் நாலாவது கேமரா

நகல் சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது, தேவைப்பட்டதும் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் நகல் பிரிவின் ஒற்றை ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவர். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வீட்டு வரைபடம் என்று எதற்கு நகல் வேண்டுமென்றாலும் அந்த ஜன்னலுக்குத்தான் போக வேண்டும். பிறக்காமலும் சாகாமலும் வீடு கட்டாமலும் இருக்கிறவர்களைத் தவிர ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது அவர் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறோம்.

லஞ்சம் வாங்க மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார். கை அவ்வளவு சுத்தம். அதுதான் ஜனங்களுக்குக் கஷ்டமாகப் போயிற்று. காசு வாங்குகிற ஆளாக இருந்தால் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொண்டு போயிருக்கலாம். இவர் கேட்டதெல்லாம் தப்பில்லாத விண்ணப்பம். அதைக் கொடுக்க யாரால் முடியும்? தேதி வலது பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இடது பக்கம் இருக்கும். ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட வேண்டிய இடத்தில் ஒன்றேகால் இருக்கும். கையெழுத்தின் வால் கோட்டைத் தொட்டிருக்கும். அவர் கோபப்படவே மாட்டார். ஒரு விரலால் தாளை மெல்ல நகர்த்தி ஜன்னலுக்கு வெளியே தள்ளுவார்.

"இப்படி இருந்தா எடுத்துக்க முடியாதுங்க. சரியா எழுதிட்டு நாளைக்கு வாங்க."

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் வழக்கம்போல் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பையில் பேனாவைக் குத்திக்கொண்டு, தன் வீட்டு முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் வரைக்கும் யாரும் வரவில்லை. எழுந்து போய்ச் சாப்பிட்டார்.

அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். அந்த அம்மாவுக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி. காலை ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவார். நடுவில் உள்ள பதினோரு மணி நேரமும் வீடு சாரின் நிர்வாகத்தில் இருந்தது. முதல் வாரம் பழைய கரண்ட் பில்களை வருஷவாரியாக அடுக்கி வைத்தார். இரண்டாவது வாரம் சமையலறைக்குள் நுழைந்தார்.

"உப்பு டப்பா எங்கே?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

"எங்க இருக்கும்? 'உ' வரிசைல இருக்கும். 'ஈ'க்கு அடுத்தது. இஞ்சியைத் தாண்டிப் பாரு."

அன்றைக்கே அந்த அம்மா வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார். "உங்கப்பாவுக்கு ஏதாவது ஒரு வேலை ஏற்பாடு பண்ணு. இல்லேன்னா நான் வார்டுலயே ஒரு கட்டில் போட்டுத் தங்கிடுறேன்."

மகள் புத்திசாலி. ஒரு வாரத்தில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே நாலு கேமரா, ஒரு ரெக்கார்டர் பெட்டி, மூட்டை மாதிரி வயர். "வீட்டுக்குப் பாதுகாப்புப்பா. பகல் பூரா தனியா இருக்கீங்க" என்றாள். அந்த வீட்டிலிருந்து இதுவரை காணாமல் போனது ஒரே ஒரு குடை. அதுவும் பிறகு அலுவலகத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் ஆபத்து இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்?

கேமரா மாட்ட வந்தவர் நாற்பத்தைந்து வயசுக்காரர். முட்டி வலி. ஏணியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு பெருமூச்சு விடுவார். கேட்டுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று என்று மூன்றை மாட்டி முடித்தார். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இதுக்கு வேலையே இல்ல சார். திருப்பி அனுப்பிடலாமா?"

"அதெப்படி? வந்த ஆளுக்கு ஒரு எடம் குடுத்துதான் ஆகணும்" என்றார் நகல் சார். அவருடைய அலுவலகத்தில் அதுதான் வழக்கம். அப்படி வந்து சேர்ந்து, ஒரு வேலையும் இல்லாமல், கடைசியில் எல்லோருடைய வேலையையும் மேற்பார்வை பார்த்த ஆட்கள் உண்டு. நாலாவது கேமராவும் அதே மாதிரி பக்கவாட்டுச் சுவரில் பதவியேற்றது. எதிரே நாலடிச் சந்து. சந்துக்கு அந்தப்பக்கம் டெய்லரம்மாவின் ஜன்னல்.

டெய்லரம்மாவுக்கு ஐம்பது வயசு. கணவர் பஸ் டிரைவர். வீட்டின் பக்கத்து அறையில்தான் தையல் கடை. புதுத்துணி தைப்பதைவிட, தைத்த துணியைச் சரிபண்ணிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். உடம்பு பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவார், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பார். இரண்டையும் வெளியே சொல்ல மாட்டார். அந்த அறையில் ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி, மூலையில் போட்டுப் பார்க்கத் திரை கட்டிய ஒரு மறைப்பு. வெளிச்சம் முழுக்க அந்த ஜன்னல் வழியாகத்தான்.

நகல் சார் தப்பான ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஆர்வமெல்லாம் பதிவில்தான். டிவியை நாலு கட்டமாகப் பிரித்து நாலு கேமராவும் ஓடும். முதல் மூன்று கட்டங்களில் ஒன்றும் நடக்காது. கேட்டு மூடியிருக்கும், பின்வாசலில் துடைப்பம் சாய்ந்திருக்கும், மாடிப்படி மாடிப்படியாக இருக்கும். நாலாவது கட்டத்தில்தான் ஊரே வந்து போயிற்று. அவர் ஒரு நோட்டுப் போட்டார். வந்த நேரம், போன நேரம், பையின் நிறம்.

பதிவு பதிவாக மட்டும் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நாள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் தெருவில் போகும்போது சார் கேட்டிலிருந்து அக்கறையாக விசாரித்தார்.

"என்ன டீச்சர், இந்த வாரத்துல மூணாவது தடவையா வந்துட்டீங்க? இடுப்பு இன்னும் சரியாகலையா?"

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். சுவரில் கேமரா. கறுப்புக் கண்ணாடி. உள்ளே சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. அந்தக் கேமராவுக்கு மறைப்புத் திரைக்கு உள்ளே தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சந்தில் நிற்கிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? கண்ணாடியில் எது விழும், எது விழாது என்று யார் ஏணி போட்டு ஏறிப் பார்க்க முடியும்? டீச்சர் போய் இரண்டு பேரிடம் சொன்னார். அந்த இரண்டு பேர் ஊருக்கே சொன்னார்கள். பதினைந்து நாளில் டெய்லரம்மாவின் மிஷின் பாதி நேரம் சும்மா இருந்தது.

டெய்லரம்மா நேராகப் போய்க் கேட்டார். "சார், அந்தக் கேமராவ கொஞ்சம் அந்தப்பக்கம் திருப்பிக்குங்க. பொம்பளைங்க வர்ற எடம்."

"என் சுவர், என் கேமரா. சந்து பொதுச்சந்து. உங்க ஜன்னல் நடுவுல வந்தா நான் என்ன பண்ண முடியும்? எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்க."

டெய்லரம்மா ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுப் பார்த்தார். அறை இருண்டு போயிற்று. கறுப்புத் துணியில் கறுப்பு நூலை இருட்டில் தேடுகிற பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒரு சட்டையின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டு, பிரிக்க உட்கார்ந்தபோது அழுகையே வந்துவிட்டதாம்.

அந்தச் சமயம் பார்த்து, தன் கறுப்புக் கோட்டைப் பிரித்து விடச் சொல்லி வக்கீலம்மா ஒருவர் வந்தார். பழைய வாடிக்கை. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு வழி இருக்கு. கேமராவத் திருப்பச் சொல்லி வழக்குப் போடலாம். நாலு வருஷம் ஓடும். அதுக்குள்ள இந்தக் கோட்டு எனக்கு மறுபடியும் பத்தாமப் போயிடும். இன்னொரு வழி, உங்க உருவம் எதுல பதிவாயிருக்கோ அதோட நகல் எனக்கு வேணும்னு எழுதிக் கேக்கலாம். முப்பது நாளுக்குள்ள அவர் குடுத்தாகணும். கூட விழுந்திருக்கற மத்தவங்க முகத்த மறைச்சுக் குடுக்கணும். அது அவர் தலைவலி."

"நகலா?" என்றார் டெய்லரம்மா. "அவர்கிட்டயா?"

அன்றைக்குத்தான் பல நாளைக்கப்புறம் சிரித்தாராம்.

மறுநாள் பத்து மணிக்கு ஒரு வெள்ளைத்தாளோடு நகல் சார் வீட்டு முன்னறையில் நின்றார். சார் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஸ்கேலை எடுத்து ஓரத்தை அளந்தார். ஒன்றரை அங்குலம். தேதி வலது பக்கம். பொருள், பார்வை, நாள், நேரம், எந்தக் கேமரா, எந்தத் திசை, எல்லாம் வரிசையாக இருந்தன. கையெழுத்து கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை தூக்கி நின்றது. திருப்பி வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் போயிற்று.

"தப்பு ஏதாவது இருக்கா சார்?"

சார் ஸ்கேலைக் கீழே வைத்தார். முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு தாளை அவர் பார்த்ததில்லை.

"யாரும்மா எழுதிக் குடுத்தாங்க?"

"நீங்கதான் சார் சொல்லிக் குடுத்தீங்க. ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி வீட்டு வரைபடத்துக்கு நகல் கேட்டு வந்தேன். ஏழு தடவ திருப்பி அனுப்பினீங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு கத்துக்கிட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் தாளைக் கிழித்துப் போட்டு, கதவைச் சாத்தியிருப்பார்கள். நகல் சாரால் அது முடியாது. தப்பில்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது அவருடைய மதத்துக்கு விரோதம். வாங்கி, எண் போட்டு, ரசீது கொடுத்தார்.

அப்புறம் உட்கார்ந்தார், உட்கார்ந்தார், அப்படி ஒரு உட்காரல். ஒரு நாள் பதிவு என்றால் டெய்லரம்மா வருகிற இடங்கள் மட்டும் ஆறு மணி நேரம். அதில் குறுக்கே வந்து போன வாடிக்கைக்காரர்கள், தபால்காரர், தண்ணீர்க் கேன் போடுகிறவர் எல்லோருடைய முகத்தையும் மறைக்க வேண்டும். கேமராக்காரரைக் கூப்பிட்டு வித்தை கற்றுக்கொண்டார். ஒரு முகத்தின் மேல் கட்டம் போட்டால், முகம் நகர்ந்ததும் கட்டம் அங்கேயே நிற்கும். கட்டத்தையும் கூடவே நடத்திக்கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது நாள் கேமராக்காரருக்குப் போன்.

"ஒரு சந்தேகம். நாய் ஒண்ணு வருது. அதுக்கும் மொகத்த மறைக்கணுமா?"

"நாய் கேஸ் போடாது சார்."

"நாய் போடாது. அதை வச்சு அதோட சொந்தக்காரர் யாருன்னு கண்டுபிடிச்சுட்டா?"

நாய்க்கும் மறைத்தார். பதினோரு நாள் ஆயிற்று. பென் டிரைவில் போட்டு, உறையில் வைத்து, முகப்புக் கடிதத்தோடு கொடுத்தார். டெய்லரம்மா வாங்கிக்கொண்டு அடுத்த நாள் பதிவுக்கு அடுத்த விண்ணப்பத்தை நீட்டினார். அவர் பின்னாலேயே பஸ் டிரைவர் வந்தார். அப்புறம் பள்ளிக்கூட டீச்சர். டெய்லரம்மா எல்லோருக்கும் எழுதக் கற்றுக் கொடுத்திருந்தார். இந்த மாசக் கடைசிக்குள் மனுஷன் கேமராவைப் பிடுங்கி வீசிவிடுவார் என்பது அவருடைய கணக்கு. எங்கள் கணக்கும் அதுதான்.

ஆனால் நாங்கள் யாரும் சாரின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. வாடிக் கிடந்த செடிக்குத் தண்ணீர் விட்ட மாதிரி இருந்தது அது. தினமும் முகச்சவரம். சட்டைக்கு இஸ்திரி. முன்னறை ஜன்னலில் ஒரு பலகை தொங்கியது: "நகல் பிரிவு. 10 முதல் 1 வரை. 2 முதல் 5 வரை." உள்ளே மேசை, பதிவேடு, முத்திரை. மை போட்டு முத்திரையை அவர் குத்துகிற சத்தம் எதிர்ச்சாரி வரைக்கும் கேட்டது. அவருக்கு உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது, கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான்.

சும்மா இருந்தவர்களுக்கும் ஆசை வந்தது. என் கணவரின் காரை யாரோ கீறிவிட்டுப் போய்விட்டார்கள். சந்து முனையில்தான் நிறுத்தியிருந்தார். மூன்று தடவை திரும்பி வந்து, நாலாவது தடவை விண்ணப்பம் ஏற்கப்பட்டு, இருபது நாளில் நகல் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்த்தோம். கார் பளிச்சென்று தெரிந்தது. ஒரு மங்கலான உருண்டை வந்து, மங்கலான கையால், எங்கள் காரைத் தெளிவாகக் கீறிவிட்டுப் போயிற்று. ஜாக்கிரதைக்காக எங்கள் கார் நம்பரையும் மறைத்திருந்தார்.

இன்னொரு அம்மா தன் மகன் சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறான், கூட யார் வருகிறாள் என்று தெரிந்துகொள்ள வந்தார்.

"பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சுதா?" என்று கேட்டார் சார்.

"இருபது ஆகுது."

"அப்ப அவர் கையெழுத்து வேணும். அடுத்தவங்க அந்தரங்கத்துல தலையிடறது பெரிய தப்பும்மா. நாகரிகமான மனுஷங்க பண்ற காரியமா இது?"

இதைச் சொல்லும்போது அவருக்குப் பின்னால் டிவியில் நாலு கட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்கலாம் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லையாம். அவ்வளவு மனப்பூர்வமாகச் சொன்னார்.

இதில் பாவம் டெய்லரம்மாதான். வரிசை நீண்டு, கேட்டைத் தாண்டி, சந்துக்குள் திரும்பி, சரியாக அவருடைய ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. முன்பு ஒரு கேமரா பார்த்தது. இப்போது பதினைந்து ஜோடிக் கண்கள். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டேன்" என்று என்னிடம் புலம்பினார். நிற்கிற நேரத்தில் சிலர் பட்டன் தைத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் ஆறுதல்.

ஒரு சாயங்காலம் ஹெட் நர்ஸம்மா வேலை முடிந்து வந்தபோது கேட்டு முன்னால் கூட்டம். ஆறு மணிக்குமேல் ஆகியும் சார் மிச்ச மனுக்களை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார்.

"வரிசைல வாங்கம்மா" என்றார் ஒருவர்.

"இது என் வீடு."

"எல்லாரும் அப்படித்தான் ஏதாவது ஒண்ணு சொல்றாங்க."

மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு தாளை மேசையில் வைத்தார். போன ஒரு மாசத்தில் கேட்டுக் கேமராவில் தன் உருவம் பதிவான எல்லாவற்றுக்கும் நகல்.

"நீ எதுக்கு கேக்குறே?"

"ஊரே கேக்குது. நான் கேக்கக்கூடாதா?"

சார் தாளைப் பார்த்தார். "உறவுமுறை எழுதல."

அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அறுபது கட்டில் உள்ள வார்டை ஒரு சத்தமில்லாமல் வைத்திருக்கிற பார்வை. சார் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டுக் கேமராவின் பதிவைத் திறந்தார். அதுவரை அதைத் தொட்டதே இல்லை. சொந்த வாசலில் என்ன நடந்துவிடப் போகிறது? காலை ஏழு மணிக்கு மனைவி போவதைப் பார்த்தார். இவர் தூங்குகிறார் என்று கேட்டைச் சத்தம் வராமல் சாத்துவதைப் பார்த்தார். பிறகு சாயங்காலத்துக்கு ஓட்டினார்.

ஐந்து ஐம்பதுக்கு மனைவி தெருவில் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுத் தூணுக்கு வெளிப்பக்கம் பையை இறக்கி வைத்தார். ஒரு காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்தார். தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிஷம் அப்படியே நின்றார். சரியாக ஆறு மணிக்குக் காலைச் செருப்புக்குள் விட்டு, பையைத் தூக்கி, முகத்தை ஒரு தடவை துடைத்து, வேறொரு முகத்தைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் பொட்டலம் பிரித்து வேர்க்கடலை தின்றார். ஒரு நாள் போனில் எதையோ பார்த்துத் தனக்குத்தானே சிரித்தார். ஒரு நாள் அழுதார். வார்டில் யாராவது போயிருப்பார்கள். உள்ளே வந்தபோது அன்றைக்கு அவர் சொன்னது சாருக்கு ஞாபகம் இருந்தது. "வந்துட்டேன். என்ன சமைக்கட்டும்?"

ஒரு மாசம். சுவருக்கு இந்தப்பக்கம் எட்டடி தூரத்தில், நாலாவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டு, டீச்சரின் இடுப்பைக் குறித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். அன்றைக்கு மனைவி உள்ளே வந்ததும் கேட்டுவிட்டார்.

"ஏன் வெளில நிக்கிறே? தினமும் பத்து நிமிஷம்."

அந்த அம்மா பையை மெல்லக் கீழே வைத்தார். "அதையும் பாத்தாச்சா?"

"நீதானே நகல் கேட்டே."

"நான் போறதும் வர்றதும் கண்ணுல படட்டும்னு கேட்டேன். இது அதுல இருக்கும்னு தோணல." செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அங்க அறுபது பேரு சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. இங்க வந்தா நீங்க. நடுவுல அந்தத் தூண் ஒண்ணுதான் என்னை ஒண்ணும் கேக்காம இருந்துச்சு."

"தாராளமா நின்னுக்கோ. நான் ஏதாவது சொன்னேனா?"

"இனிமே எங்க நிக்கிறது? அதான் பாத்துட்டீங்களே."

மறுநாள் ஐந்து ஐம்பதுக்கே கேட்டு திறந்தது. மூன்றாவது நாளும். அந்த அம்மா முகத்தை மாற்ற நேரமில்லாமல், ஆஸ்பத்திரி முகத்தோடு வந்து, நேராகச் சமையலறைக்குள் போனார். சாருக்குக் கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அடுத்தவர் முகத்தை மறைத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டவர்தான். பார்த்த கண்ணிலிருந்து பார்த்ததை எடுக்க எந்தக் கட்டத்தைப் போடுவது என்று கேமராக்காரருக்கும் தெரியவில்லை. நிஜமாகவே போன் போட்டுக் கேட்டாராம். "அப்படி ஒரு பட்டன் இல்ல சார்" என்றாராம் அவர்.

அந்த வாரக் கடைசியில் கேமராக்காரர் பெருமூச்சோடு மறுபடியும் ஏணி ஏறினார். நாலாவது கேமரா இறங்கியது. கேட்டுக் கேமரா இறங்கியது. மாடிப்படிக் கேமராவையும் கழற்றிவிட்டார்கள். பின்வாசலில் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்று மட்டும் மிச்சம். பலகையையும் எடுத்துவிட்டார்.

தெரு கொதித்தது. ஆறு மாசத்துக்கு முன்னால் அந்தக் கேமராவைத் திட்டியவர்களே, பொதுமக்களுக்கு இருந்த ஒரே வசதியும் போய்விட்டது என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். நானும் போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? சார் மனுவை வாங்கி, மடித்து, மேசை டிராயருக்குள் போட்டார். அதில் தப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மிரண்டு போனோம்.

என் கணவர் சும்மா இருப்பாரா? எட்டுக் கேமரா வாங்கி வந்தார். மாட்டி முடித்த மறுநாள் காலையில் டெய்லரம்மா எங்கள் கேட்டைத் தட்டினார். கையில் வெள்ளைத்தாள். ஓரத்தில் ஒன்றரை அங்குலம். இரண்டாவது வாரம் எட்டுக் கேமராவும் அட்டைப்பெட்டிக்குள் போய், பரண்மேல் ஏறின. அவருக்கு நாய் முகத்தை மறைக்கிற பொறுமையெல்லாம் கிடையாது.

டெய்லரம்மா ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்து, அதிலேயே இரண்டு தலையணை உறை தைத்துவிட்டார். டீச்சர் மறுபடியும் வருகிறார். எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

நகல் சார் இரண்டு மாசம் வீட்டில் முடங்கிக் கிடந்தார். பிறகு ஒரு நாள் காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கிளம்பினார். நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு மேசை கேட்டு வாங்கி, ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். பழைய ஜன்னலில் இப்போது ஒரு புது ஆள். அவர் தள்ளிவிடுகிற தாள்களெல்லாம் சாரிடம் வருகின்றன. ஓரம் அளந்து, தேதியை வலது பக்கம் தள்ளி, சார் எழுதிக் கொடுத்தால் திரும்பி வருவதில்லை. புது ஆளுக்கு இவர்மேல் ஏகப்பட்ட எரிச்சலாம். "வேணும்னே தப்பில்லாம எழுதுறாரு" என்று மேலதிகாரியிடம் புகார் கொடுத்திருக்கிறார்.

ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும். சார் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். வருவதில்லை. பஸ் ஸ்டாப்பில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு தடவை என் கணவர் கூப்பிட்டார். "வாங்க சார், வீட்டுப் பக்கம்தான் போறேன், கார்ல ஏறுங்க."

"இல்லல்ல, நீங்க போங்க. நான் ஆறரைக்குத்தான் வருவேன்."

"அப்படி என்ன வேலை?"

"வேலைதான்" என்று சொல்லிவிட்டு, விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டாராம். விளையாட்டில் அவருக்கு எந்தக் காலத்திலும் அக்கறை இருந்ததில்லை.

அந்த நேரத்தில் ஹெட் நர்ஸம்மா வீட்டில் தனியாக என்ன செய்கிறார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஜன்னல் சாத்தியிருக்கும். சில நாள் ரேடியோ சத்தம் கேட்கும், சில நாள் கேட்காது. ஆறரைக்குக் கேட்டு திறக்கும்.